கையெழுத்து யாருது, கை யாருது?

போன பதிவுல வீட்டு அலமாரிப் படம் ஒண்ணைப் போட்டாலும் போட்டேன், பின்னூட்டத்துல ஆளாளுக்குப் பிரிச்சு மேய்ஞ்சுட்டீங்க. பதிவு என்னவோ வெக்‌ஷோவுல மார்ச் மாசம் விழுந்த பனியைப் பத்தி. அதை ஒருத்தரும் படிக்கலைன்னு நல்லாவே தெரியுது. எல்லார் கண்ணும் பின்னாடி நின்ன கண்ணாடிச் சிற்பத்து மேலதான் :-)

"உது எந்தக் கொம்பனி? வைச்சிருந்தா விலை ஏறுமோ?"ன்னு ஒஸ்லோவுல இருந்து அண்ணை ஒருத்தர். "தலைவா, இதுல இன்வெஸ்ட் பண்ணலாமா? எந்த ஆர்ட்டிஸ்ட் கையெழுத்து இருந்தா நல்ல ரேட் போகும்?"னு சிங்கப்பூர் நண்பர். "பாட்டில் கண்ணாடிக்கு இம்புட்டுக் காசா, உருப்பட்ட மாதிரிதான்"னு வழக்கமான அனானி. (அனானிக்கு மட்டும் ஒரு நன்றி. மூணு பேர்ல அவருதான் பொருளைப் பத்தி ஏதோ சொன்னாரு.)

தனித்தனியா பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுக்கிட்டே போச்சு. கொஞ்சம் கோவமும் வந்துச்சு. யார் மேலன்னா, முக்கியமா என் மேலதான். அதனால தனிப் பதிவாவே போட்டுடறேன். படிச்சுட்டு ஆட்டோ அனுப்பிடாதீங்க.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். நான் இருக்கறது ஸ்வீடன்ல தெற்குப் பக்கம், ஸ்மோலண்ட் மாகாணத்துல வெக்‌ஷோங்கற சின்ன ஊர். இங்கேருந்து கிழக்கால வண்டியை விட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள கண்ணாடி உலை இருந்த ஊர்கள் வரிசையா வரும். இந்த வட்டாரத்துக்கே 'கண்ணாடி ராஜ்ஜியம்'னுதான் பேரு. மண்ணு ஒண்ணும் வெளையாத மண்ணு, எங்க பார்த்தாலும் கல்லு. ஆனா காடு மட்டும் எக்கச்சக்கம். உலைக்கு விறகுக்குப் பஞ்சமில்லை. 1742ல கோஸ்டாங்கற இடத்துல முதல் பெரிய பட்டறை ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவங்க ரெண்டு ராணுவ அதிகாரிங்க. கோஸ்குல்ங்கறவர் பேர்ல 'கோ', ஸ்டால்ங்கறவர் பேர்ல 'ஸ்டா', ரெண்டும் சேர்ந்து கோஸ்டா. அதோட பின்னாடி பூடாங்கற ஊர்ப் பட்டறையும் சேர்ந்து 'கோஸ்டா பூடா' ஆச்சு. (எழுத்துக்கூட்டிப் படிச்சா 'கோஸ்டா போடா'ன்னு வரும். நான் யாரையும் திட்டலை, கம்பெனி பேரே அதான்.) இன்னொரு பக்கம் 1898ல ஆரம்பிச்ச ஓரெஃபோர்ஸ். நம்ம ஆளுங்க ஊருக்குப் போறப்ப டியூட்டி ஃப்ரீயில வாங்கிப் பெட்டியில துணிக்கு நடுவுல சுத்தி வெக்கறாங்களே, அந்தக் கிண்ணத்துப் பேரெல்லாம் இந்த வட்டாரம்தான்.

இப்ப என் கதை. இங்க வந்து ரெண்டாவது வருஷம் ஒரு ஏலக்கடையில அந்தச் சிற்பத்தை வாங்கினேன். மணல் வார்ப்பு. முழங்கை உயரத்துக்கு ஒரு கல்தூண் மாதிரி நிக்கும். வெளிப்பக்கம் சொரசொரன்னு மணல் ஒட்டின தோல். ஒரு முகத்தை மட்டும் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கியிருப்பாங்க. அது வழியா உள்ள பார்த்தா ஒரு நீலம், அந்த நீலத்துக்கு நடுவுல குறுக்கே மெல்லிசா ஒரு கோடு. அடியில வைர ஊசியால கீறின கையெழுத்து, 60க்கு இத்தனையாவதுன்னு நம்பர். அரை மாசச் சம்பளம் போச்சு. வீட்டம்மா ரெண்டு நாள் பேசலை.

ஏலப் பட்டியல்ல அந்தக் கோட்டைப் பத்தி அழகா எழுதியிருந்தாங்க. வடதுருவக் கடலோட அடிவானமாம் அது. வீட்டுக்கு வர்றவங்க கிட்ட எல்லாம் நானும் அதையே ஒப்பிச்சேன். "பாருங்க, அடிவானம். பார்க்கற கோணம் மாறினா அதுவும் மேல கீழ போகும்." பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் காப்பிக்கு வந்தப்போ அவர்கிட்டயும் சொன்னேன்.

அவர் கேட்டுட்டுச் சிரிச்சாரு. எழுந்து போய் ரெண்டு கையாலயும் தூக்கினாரு. எங்க பிடிக்கணும்னு கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதை நான் அப்பவே கவனிச்சேன். தலைகீழாக் கவுத்து நம்பரைப் பார்த்தாரு. ஜன்னல் பக்கம் கொண்டு போய் உள்ள பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு:

"அடிவானம் எல்லாம் இல்லை. ரெண்டாவது கரண்டி லேட்டா வந்துச்சு. அன்னிக்குக் கரண்டி பிடிச்ச பையன் புதுசு."

1975ல பதினஞ்சு வயசுல பட்டறைக்குள்ள போனவர். 2013ல வேலை போற வரைக்கும் 38 வருஷம் உலை முன்னாடி நின்னவர். என் அலமாரியில இருக்கற அந்தத் தூணை வார்த்த ஆளு அவரு. நாலு வருஷமா ஒரே மாடிப்படியில 'ஹேய், ஹேய்'னு சொல்லிட்டு ஏறி இறங்கியிருக்கோம். எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அடியில இருக்கற பேரு வேற ஆளோடது. பட்டியல்ல வேற பேரு. நான் வாங்கினது அந்தப் பேரைத்தான்.

இதான் மக்கா, ஸ்காண்டினேவியக் கண்ணாடிச் சிற்பம் சேக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு. நானும் பண்ணேன். பொருளை வாங்கலை, கையெழுத்தை வாங்கறோம். அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரரு பல சமயம் அந்தப் பொருளைச் சூடா இருக்கறப்ப தொட்டதே கிடையாது.

"ஐயோ, அப்ப ஏமாத்தா?"ன்னு கேக்காதீங்க. ஏமாத்து இல்லை, நூறு வருஷத்துப் பழக்கம். ஓரெஃபோர்ஸ் கம்பெனி 1916ல சைமன் காட்டேங்கற ஓவியரை வேலைக்கு வெச்சாங்க. அடுத்த வருஷம் எட்வர்ட் ஹால்ட். அவர் பாரீஸ்ல மத்தீஸ் கிட்ட படம் படிச்சவரு. ரெண்டு பேருக்குமே வர்றப்ப கண்ணாடி வேலை தெரியாது. காட்டே வந்த அதே வருஷம் 'கிரால்'னு ஒரு புது முறை பிறந்துச்சு. சின்னதா ஒரு நிறக் கண்ணாடிக் குமிழை ஊதி, ஆறவெச்சு, மேல் அடுக்குல படம் செதுக்குவாங்க. மறுபடி சூடேத்தி, மேல தெளிவான கண்ணாடியைப் போர்த்தி ஊதிப் பெருசாக்குவாங்க. செதுக்கின படம் உள்ள மாட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள மிதக்கற மாதிரி விரியும். இதைச் செஞ்சு காட்டினது குனுத் பெரிக்விஸ்ட்ங்கற ஊதும் மேஸ்திரி. 1937ல 'ஏரியல்'னு இன்னொரு முறை. அதுல காத்தையே கண்ணாடிக்குள்ள சிறை வெச்சுப் படம் வரைவாங்க. எட்வின் ஏர்ஸ்ட்ரம், விக்கே லிண்ட்ஸ்ட்ராண்ட்னு ரெண்டு கலைஞர்கள், அவங்களோட குஸ்டாஃப் பெரிக்விஸ்ட்ங்கற மேஸ்திரி. புத்தகத்துல பார்த்தா மூணு பேரும் இருக்காங்க. பொருளோட அடியில பார்த்தா கலைஞர் பேரு மட்டும்தான்.

இதுல ஒரு வேடிக்கை. ஓரெஃபோர்ஸோட பழைய செதுக்கு வேலைப் பாத்திரத்தைக் கவுத்துப் பாருங்க. வரைஞ்சவர் பேரு இருக்கும், மாடல் நம்பர் இருக்கும், கடைசியில குட்டியா ரெண்டெழுத்து இருக்கும். அந்த ரெண்டெழுத்து செதுக்கினவரோட இனிஷியல். ஆக, செதுக்கின கைக்கு ரெண்டெழுத்து கிடைச்சுச்சு. ஊதின வாய்க்கு அரை எழுத்துகூட இல்லை. ஊதினவர் பேரைப் போட இடமில்லைன்னு யாரும் சொல்ல முடியாது. இடம் இருந்துச்சு, போடத் தோணலை.

(சைடுல ஒண்ணு. ஸ்வீடிஷ்ல பட்டறைத் தலைவருக்கு 'மெஸ்தாரே'ன்னு பேரு. நம்ம மேஸ்திரிதான்! ரெண்டும் லத்தீன்ல ஒரே வேர், நமக்கு போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்துச்சு. பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. அதுலேருந்து என்னைப் பார்த்தா "மேஸ்த்ரி"ன்னுதான் கூப்பிடறாரு. நான் கோட் எழுதறவன், சுத்தியல்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது.)

மணல் வார்ப்பு எப்படின்னு ஒரு தடவை நேர்ல பார்த்தா அப்புறம் உங்களால கையெழுத்துக்கு மட்டும் காசு குடுக்க முடியாது. நான் பெரியவரோட போய் ஒரு சின்னப் பட்டறையில பார்த்தேன். ஈர மணலோட ஒரு வகைக் களிமண்ணைக் கலந்து பெட்டியில கெட்டிப்பாங்க. அச்சை அழுத்தி எடுத்தா பள்ளம். பள்ளத்துச் சுவர்ல நிறப் பொடியைத் தூவுவாங்க. அதுக்குள்ள உலையில இருந்து நீளக் கரண்டியில கண்ணாடியை மொண்டு ஊத்தணும். ஆயிரம் டிகிரிக்கு மேல சூடு, தேன் மாதிரி இறங்கும். முதல் கரண்டிக்கும் ரெண்டாவது கரண்டிக்கும் நடுவுல சில பேரு உள்ள சின்ன உருவங்களை வெப்பாங்க. நேரம் தப்பினா கோடு விழும், ரொம்பத் தப்பினா வெடிக்கும். அஞ்சு பேரு நிக்கறாங்க, ஒருத்தரும் பேசலை. கண்ணாலயே பேசிக்கறாங்க. ஊத்தி முடிச்சு, மேல் பக்கத்தைச் சுடர் அடிச்சுச் சமன் பண்ணி, கெட்டியானதும் ஆத்து அடுப்புக்குள்ள போகும். அதுக்குள்ள நாள் கணக்குல கொஞ்சம் கொஞ்சமாச் சூட்டைக் குறைப்பாங்க. அவசரப்பட்டா உள்ளயே இறுக்கம் தங்கிடும். ஆறு மாசம் கழிச்சு உங்க வீட்டு அலமாரியில ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா 'டப்'புன்னு பிளக்கும்.

ஊதற வேலை இன்னும் மோசம். குழாய்ல எடுத்த கண்ணாடியை ஒரு நொடிகூடச் சுத்தாம விடக்கூடாது, விட்டா தொங்கிடும். பெரியவரு உருவம் பிடிக்கறது எதைவெச்சுன்னு நினைக்கறீங்க? நனைச்ச செய்தித்தாள். பழைய பேப்பரை மடிச்சுத் தண்ணியில ஊறவெச்சு உள்ளங்கையில வெச்சுக்கிட்டு அந்த நெருப்பு உருண்டையைத் தடவறாங்க. நடுவுல பேப்பர் மட்டும்தான். அவர் வலது உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருக்கேன், செருப்புத் தோல் மாதிரி இருக்கும்.

இப்ப யாராச்சும் வருவீங்க, தெரியும். "கட்டடம் கட்டினா ஆர்க்கிடெக்ட் பேருதானே, கொத்தனார் பேரையா போடறாங்க?" ரைட்டு. சினிமாவை எடுத்துக்குங்க. டைரக்டர் படம்னுதான் சொல்றோம். ஆனா கடைசியில லைட்டைப் பிடிச்ச தம்பி பேரு, டீ குடுத்த அண்ணன் பேரு வரைக்கும் ஓடுது. நாமதான் பார்க்காம எழுந்து வந்துடறோம், அது வேற விஷயம். கண்ணாடியில அந்த ஓட்டமே கிடையாது. ஏலப் பட்டியல்ல உயரம் சென்டிமீட்டர்ல இருக்கும், அடியில ஒரு கீறல் இருக்குங்கறது வரைக்கும் இருக்கும். கீறலுக்கு இடம் இருக்கு, செஞ்சவருக்கு இல்லை.

"கற்பனைதானே கலை, கை வேலை கூலிதானே?" இது இன்னொரு வாதம். கண்ணாடியில இது செல்லாது. களிமண்ல பொம்மை செஞ்சுட்டு ராத்திரி தூங்கி எழுந்து மூக்கைத் திருத்தலாம். ஓவியத்துல மேல இன்னொரு கோட்டிங் அடிக்கலாம். கண்ணாடியில முடிவெல்லாம் அந்த நேரத்துலயே எடுக்கணும். இந்த வளைவு போதுமா, இன்னும் ஒரு மூச்சா? வரைபடத்துல அதுக்கு விடை கிடையாது. குழாயைப் பிடிச்சிருக்கற ஆளுதான் முடிவு பண்றாரு. அந்த முடிவைக் கூலின்னு சொல்லாதீங்க.

அதுக்காக வடிவமைப்பாளர்கள் எல்லாம் சும்மான்னு நான் சொல்லலை. பெர்டில் வாலீன் 1938ல பிறந்தவரு, மணல் வார்ப்பை ஒரு மொழியாவே ஆக்கினவரு. ஓஃபோர்ஸ் பட்டறையில அவர் வார்த்த கண்ணாடிப் படகுகளைப் பார்த்துட்டு நான் மியூசியத்துல அரை மணி நேரம் நகரலை. கடலடியில இருந்து தோண்டி எடுத்த மாதிரி ஒரு படகு, உள்ள உறைஞ்சு போன மனுஷங்க. அந்தக் கற்பனை அவரோடதுதான், சந்தேகமே இல்லை. ஆனா அந்தக் கனமான படகை ஒருத்தர் தனியா ஊத்த முடியுமா? ஒரு குழு நின்னுச்சு. அந்தக் குழு நின்ன ஓஃபோர்ஸ் பட்டறையை மூடிட்டாங்க. ஓரெஃபோர்ஸ் பட்டறையும் 2013ல நின்னுச்சு. கம்பெனியை 2005லயே ஒரு பெரிய வியாபாரக் குழுமம் வாங்கியிருந்துச்சு. 2009ல கோஸ்டாவுல கண்ணாடி ஹோட்டல் திறந்தாங்க. நாலு வருஷத்துல உலைகள் அணைஞ்சுச்சு. ஹோட்டல் கட்டினதுனால உலை அணைஞ்சுச்சுன்னு சொல்லலை. வரிசையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஃபின்லாந்துக்காரங்களைப் பத்தியும் சொல்லணும். (ஃபின்லாந்து ஸ்காண்டினேவியாவுல சேராதுன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் வருவாரு. சரி சார், நார்டிக். கண்ணாடி சேக்கறவங்க எல்லாரும் ஒரே அலமாரியிலதான் வெக்கறாங்க.) அங்க நூத்தாயெர்வின்னு ஒரு ஊர்ல 1793ல இருந்து உலை எரிஞ்சுச்சு. ஓய்வா தொய்க்காவோட கண்ணாடிப் பறவைகள் அங்கதான் ஊதப்பட்டுச்சு. 1970கள்ல ஆரம்பிச்ச அந்தப் பறவைகளைச் சேக்கறதுக்குன்னே உலகம் பூரா ஆளுங்க இருக்காங்க. வருஷத்துக்கொரு பறவை, நம்பர் போட்ட பறவைன்னு ஸ்டாம்ப் சேக்கற மாதிரி. 2014ல நூத்தாயெர்வி உலையை நிறுத்திட்டு ஊதற வேலையை ஈத்தலா ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. 220 வருஷத்து நெருப்பு. பறவை சேக்கறவங்கள்ல எத்தனை பேரு அதை ஊதின ஒருத்தர் பேரைச் சொல்வாங்க? எனக்கும் தெரியாது, அதான் கேக்கறேன்.

2023ல யுனெஸ்கோ கையால கண்ணாடி செய்யற அறிவைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. செக், ஃபின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின்னு ஆறு நாட்டுப் பேர்ல. பொருளைச் சேர்க்கலை, அறிவைச் சேர்த்தாங்க. கவனிச்சுக்குங்க, கையில இருக்கற அறிவை. கண்ணாடி ராஜ்ஜியம்னு பலகை வெச்சிருக்கற ஸ்வீடன் அந்தப் பட்டியல்ல இல்லை. ஃபின்லாந்து இருக்கு, நூத்தாயெர்வி உலை அணைஞ்சு ஒன்பது வருஷம் கழிச்சு.

இப்ப சிங்கப்பூர் நண்பரோட 'இன்வெஸ்ட்மென்ட்' கேள்விக்கு வரேன். நீங்க ஏலத்துல பழைய பெரிய பேரை வாங்கறீங்க. பத்து வருஷம் கழிச்சு விக்கறீங்க. லாபம் உங்களுக்கு, கமிஷன் ஏலக்கடைக்கு. ஐரோப்பிய யூனியன்ல 2001லயே ஒரு சட்டம் போட்டாங்க. கலைப்பொருள் மறுவிற்பனை ஆனா கலைஞருக்கு ஒரு பங்கு குடுக்கணும், அவர் செத்து 70 வருஷம் வரைக்கும் வாரிசுக்கும் போகும். அந்தச் சட்டத்துல ஓவியம், சிற்பத்தோட கண்ணாடிப் பொருள்னு தனியாவே எழுதியிருக்கு. நல்ல சட்டம், நான் ஆதரிக்கறேன். ஆனா 'கலைஞர்'னா யாரு? கையெழுத்துக்காரரு. அவரோட பேத்திக்குப் பங்கு போகும். ரெண்டாவது கரண்டி பிடிச்ச பையனுக்கு? அவன் இப்ப லாரி ஓட்டறானாம், பெரியவர் சொன்னாரு.

அதே காசை எடுத்துக்கிட்டு இன்னிக்கு உலை எரிய வெச்சிருக்கற ஒருத்தர்கிட்ட நேராப் போங்க. அப்படிப்பட்டவங்க இல்லைன்னு சொல்லாதீங்க. ஓசா பிராண்ட்னு ஒரு அம்மா 1968லயே டோர்ஷேலாங்கற ஊர்ல சொந்தமா சின்ன உலை போட்டு, தானே வரைஞ்சு தானே ஊதினாங்க. ஸ்வீடன்ல தனிப்பட்டறைக்காரங்க கதை அங்கேருந்துதான் தொடங்குது. ஆன் வோல்ஃப் ஜெர்மனியில பிறந்து இங்க வந்தவங்க. கோஸ்டா பூடாவுல பேரும் புகழுமா இருந்தப்பவே 1970கள் கடைசியில வெளியே வந்து, ட்ரான்ஷோ கிராமத்துல வில்கே அடோல்ஃப்சன்ங்கற ஊதும் மேஸ்திரியோட சேர்ந்து பட்டறை போட்டாங்க. ஒரு ஊதறவரோட பேரு கலைஞர் பேரோட சேர்ந்தே நினைவுல நிக்கற அபூர்வ இடம் அது. அதே ட்ரான்ஷோவுல யான்-எரிக் ரிட்ஸ்மன், ஸ்வென்-ஓகே கார்ல்சன்னு கோஸ்டாவுல வேலை பழகின ரெண்டு பேரு 1982ல சொந்த உலை போட்டாங்க. உலகத்துக் கலைஞர்கள் அங்க தேடி வந்து வேலை செஞ்சாங்க. கம்பெனிக்காரங்க முடியாதுன்னு நினைச்சதை ரெண்டு தொழிலாளிங்க செஞ்சு காட்டினாங்க.

டென்மார்க்ல ஸ்டெஃபன் டாம்னு ஒருத்தர் இருக்காரு. முதல்ல கருவி செய்யற தொழிலாளி. அவரும் அவர் மனைவி மிகா கார்ல்ஸ்லுண்டும் சேர்ந்து செய்யற கண்ணாடிக் கட்டிகளைப் பார்க்கணும். பழைய விலங்கியல் லேப்ல ஜாடிக்குள்ள ஜெல்லி மீனைப் போட்டு வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி. ஆனா உள்ள இருக்கறது எந்தக் கடல்லயும் இல்லாத பிராணி. காத்துக் குமிழு, கரி, அழுக்கு, வழக்கமா ஊதறவங்க தப்புன்னு தூக்கிப் போடறதெல்லாம்தான் அதுக்குள்ள பிராணியா ஆகியிருக்கும். டோபியாஸ் மேல்னு இன்னொருத்தர், இழை இழையா நெசவு மாதிரி வர்ற கண்ணாடி. இங்க நம்ம ஸ்மோலண்ட் பக்கம் ஹான்னா ஹான்ஸ்டாட்டர், 1984ல பிறந்தவங்க. இரும்பு அச்சுக்குள்ள கண்ணாடியை ஊதி, அது பிதுங்கி வழியற மாதிரியே விட்டு, மேல உலோகப் பளபளப்பு ஏத்தறாங்க. பார்த்தா சாமி அறையில வெக்கணுமா, அல்வாக் கடையில வெக்கணுமான்னு குழப்பமா இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும், வீட்டம்மாவுக்குப் பிடிக்காது.

இவங்ககிட்ட வாங்கினா விலை ஏறுமான்னு என்கிட்ட கேக்காதீங்க. உலையை வார இறுதிக்குக்கூட அணைக்க முடியாது, அணைச்சா திரும்பச் சூடேத்த நாள் கணக்காகும், பானையும் விரிசல் விடும். 2022ல ஐரோப்பா பூரா கரண்ட்டும் கேஸும் எகிறினப்போ சின்னப் பட்டறைக்காரங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். நீங்க அன்னிக்கு வாங்கியிருந்தா அந்த மாசத்து நெருப்புக்குக் காசு குடுத்திருப்பீங்க. ஏலக்கடையில வாங்கியிருந்தா ஒரு செத்த உலையோட லேபிளுக்குக் குடுத்திருப்பீங்க.

பழைய காலத்துக்கு நான் ஏங்கலை, அதையும் சொல்லிடறேன். பட்டறை முடிஞ்ச ராத்திரியில உலைச் சூட்டுல ஹெர்ரிங் மீனைச் சுட்டுத் தின்னுக்கிட்டு, வழிப்போக்கர்கள் கதை சொல்லிக்கிட்டுப் படுத்திருப்பாங்களாம். இப்ப அதை 'ஹித்சில்'னு டிக்கெட் போட்டு டூரிஸ்டுக்கு விக்கறாங்க, நானும் போய்த் தின்னேன், மீன் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பட்டறைங்களைச் சுத்தின மண்ணுல இன்னிக்கும் ஆர்சனிக்கும் ஈயமும் கிடக்கு. கண்ணாடி தெளிவா வர்றதுக்குக் கலந்த சரக்கு அது. அரசாங்கம் தோண்டித் தோண்டி அள்ளுது. அதைச் சுவாசிச்சவங்களும் பேரில்லாத அதே ஆளுங்கதான்.

இனிமே நான் ஒரு கண்ணாடிச் சிற்பம் வாங்கினா கேலரியில கேக்கறது இதான்: இதை ஊதினது யாரு? எந்த உலை? கூட நின்னவங்க யாரு? நீங்களும் கேளுங்க. முதல்ல முழிப்பாங்க, ஒரு மாதிரிப் பார்ப்பாங்க. "டிசைனர் இவங்கதான்"னு திரும்பத் திரும்பச் சொல்வாங்க. விடாதீங்க. ரசீதுல எழுதித் தரச் சொல்லுங்க. ஓரெஃபோர்ஸ்காரங்களால அந்தக் காலத்துல செதுக்கினவருக்கு ரெண்டெழுத்து குடுக்க முடிஞ்சுச்சு, இவங்களால ஒரு வரி முடியாதா? ரெண்டு கேலரியில எனக்கு எழுதித் தந்தாங்க. ஒரு இடத்துல "அது வியாபார ரகசியம்"னாங்க. பொருளை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன். (வீட்டம்மாவுக்கு அன்னிக்குத்தான் என் மேல மரியாதை வந்துச்சு.)

இதெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி பெரியவர்கிட்ட ஒரு யோசனை சொன்னேன். வைர ஊசி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன். "அடியில இடம் இருக்கு. உங்க பேரையும், முடிஞ்சா அந்தப் பையன் பேரையும் நீங்களே கீறிக் குடுங்க"ன்னேன்.

ஊசியை வாங்கி விரல்ல உருட்டிப் பார்த்தாரு. அப்புறம் மேசை மேல வெச்சுட்டாரு.

"வேண்டாம். கீறினா உனக்கு விலை இறங்கிடும்."

விக்கறதா இல்லைன்னு சொன்னேன். நம்பலை. எல்லாரும் கடைசியில விப்பாங்கன்னாரு. போறப்ப அந்தப் பையன் பேரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. தன் பேரை எழுதலை. அதை நான் எழுதி, ரெண்டையும் சேர்த்துத் தூணோட அடியில பசை டேப் போட்டு ஒட்டியிருக்கேன். வைர ஊசி இன்னும் மேசை டிராயர்லதான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அவர் மறுபடி காப்பிக்கு வர்றாரு, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கணும்.

ஒஸ்லோ அண்ணைக்கு: கொம்பனி மூடியாச்சு அண்ணை. வார்த்தவர் மேல் மாடியில இருக்கார்.